பழைய சுவர்களும் புகையற்ற கணப்பும்

கொழும்பில் ஒரு நாளேட்டின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் உதவி ஆசிரியராகப் பணியாற்றிய நாட்களில், மார்கழி பிறந்தால் ஒரு சொல் என்னைத் தொல்லைப்படுத்தும். ஐரோப்பாவில் கடுங்குளிர், நிலக்கரித் தட்டுப்பாடு, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று தொலைஅச்சுப் பொறி செய்திகளை வரிசையாகத் தள்ளும். வீட்டைச் சூடாக்குவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவற்றிலெல்லாம் தவறாமல் இடம்பெறும். மின்விசிறியின் கீழ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதற்கு நான் தமிழ் தேடவேண்டும். 'வெப்பமூட்டல்' என்று எழுதிக் கொடுத்தால், எங்கள் மூத்த ஆசிரியர் அதை அடித்துவிட்டுக் 'கணப்பு' என்று எழுதுவார். "நுவரெலியாவில் ஓரிரவு தங்கிவிட்டு வாரும். பிறகு இந்தச் சொல் விளங்கும்" என்பார்.

அச்சொல் எனக்கு உண்மையில் விளங்கியது 2022ஆம் ஆண்டின் இறுதியில். இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் வாழும் மருமகனின் வீட்டில் அப்போது தங்கியிருந்தேன். இருநூறு ஆண்டுகள் பழைமையான வீடு. அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. உக்ரைன் போரினால் எரிவாயுவின் விலை ஏறியிருந்த குளிர்காலம் அது. கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை அணிந்து நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது மருமகன் சொன்னார்: "பழையதைத் தொடாதே என்று ஒரு சட்டம் சொல்லுது மாமா. புகையை நிறுத்து என்று இன்னொரு சட்டம் வருகுது. ரெண்டையும் ஒரே வீட்டில் எப்படிச் செய்யிறது?"

நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்து ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் பலரும் பழைய செங்கல் வீடுகளில் வாழ்பவர்களே. இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பழைய செய்திகளையும் நூல்களையும் புரட்டியபோது, நான் எதிர்பாராத ஒரு வரலாறு கிடைத்தது. புகையற்ற கணப்புக்குரிய இயந்திரத்தை இன்று பலரும் பழைய கட்டடங்களுக்குப் பொருந்தாத புதுச் சரக்காகக் கருதுகிறார்கள். ஆனால் அந்த இயந்திரம் ஐரோப்பாவில் புகழ்பெற்றதே 240 ஆண்டுகள் பழைமையான ஒரு கட்டடத்திற்குள்தான்.

பாதுகாப்பும் கரியும்

முதலில் பாதுகாப்புச் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பழைய தேவாலயங்களைத் 'திருத்துகிறோம்' என்று சொல்லி அவற்றின் பழைமையையே சுரண்டி எடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர்களுக்கு எதிராக, கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொரிஸ் 1877இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1882இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற தொல்சின்னங்களைக் காக்கும் முதலாவது சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள் வாழும் கட்டடங்களுக்கு அதனால் பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் குண்டுகள் நகரங்களைத் தகர்த்தபோதுதான், இடிபாடுகளுக்கிடையே எவற்றைக் காக்கவேண்டும் என்று பட்டியலிடும் தேவை ஏற்பட்டது. அந்த அனுபவத்தின் மேல் 1944, 1947ஆம் ஆண்டுகளின் நகரத் திட்டமிடற் சட்டங்கள் பட்டியல் முறையை நிறுவின. இன்று இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பதிவுகள் அப்பட்டியலில் உள்ளன. அவற்றில் முதலாம் தரத்தைச் சேர்ந்தவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அனுமதியின்றி இத்தகைய கட்டடமொன்றின் தன்மையை மாற்றுவது குற்றவியல் குற்றமாகும்.

அதே 1882ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. லண்டனில் ஹோல்போர்ன் மேம்பாலத்தின் அருகே, பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பழைமையைக் காக்கும் சட்டமும் பழைமையை அரிக்கும் புகையின் புதிய ஊற்றும் ஒரே ஆண்டில் பிறந்தன. கரிப்புகையிலுள்ள கந்தகம் மழையோடு கலந்து சுண்ணாம்புக் கல்லை அரித்தது. கோபுரங்களும் சிலைகளும் கரிய மேலோடு பூண்டன. 1952 டிசெம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டம் ஏறத்தாழ 4 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனதாக அன்று கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் 12 ஆயிரம் வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டுக் கணப்பின் புகை மனிதரையும் கல்லையும் ஒருங்கே கொல்லும் என்பதை அந்த நாடு இவ்வளவு விலைகொடுத்தே கற்றது.

மூச்சுவிடும் சுவர்

பழைய கட்டடங்களைச் சூடாக்குவதில் உள்ள சிக்கலை விளங்கிக்கொள்ள, அவற்றின் சுவரை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய வீட்டின் சுவர் மழைநீரை வெளியே நிறுத்திவிடும். பழைய சுவர் அப்படியல்ல. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த அந்தத் தடித்த சுவர் மழையில் ஈரத்தை உறிஞ்சும், காற்றில் அதை வெளியேவிடும். அதன் மேல் சீமெந்தைப் பூசினாலோ, ஈரம் புகாத பிளாஸ்டிக் தகட்டை வைத்து மூடினாலோ, ஈரம் உள்ளே சிறைப்படும். மரச்சட்டங்கள் உளுத்துப்போகும், சுவரில் பூஞ்சணம் படரும். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட வெப்பக்காப்பு வேலைகள் பல கட்டடங்களை இவ்வாறே நோயாளிகளாக்கின.

சூட்டைத் திடீரென ஏற்றுவதும் கேடுதான். ஒரு தேவாலயத்தை ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இரண்டு மணிநேரம் சுடவைத்துவிட்டு வாரம் முழுவதும் குளிரவிட்டால், பழைய மரச் செதுக்கல்கள் சுருங்கி விரிந்து வெடிக்கும். ஓர்கன் இசைக்கருவியின் சுருதி கலையும். சுவரோவியத்தின் வண்ணம் செதில்செதிலாக உதிரும்.

ஆனால் பழைய கட்டடம் என்றால் அதில் கணப்பு எப்போதும் ஒரே மாதிரி இருந்தது என்று நினைக்கக்கூடாது. மத்தியகாலப் பேராலயங்களில் பெரும்பாலும் கணப்பே இருந்ததில்லை. மக்கள் குளிரோடு நின்றே வழிபட்டார்கள். 1856இல் கோல்ட்ஸ்வர்த்தி கேர்னி என்பவர் காப்புரிமை பெற்ற, சுற்றிலும் இரும்பு விலா எலும்புகள் போன்ற தகடுகள் கொண்ட பெரிய கரியடுப்புகள் ஈலி, பீற்றர்பரோ, ஹெரிபோர்ட் முதலிய பேராலயங்களுக்குள் நுழைந்தன. பிறகு தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் வந்தன. 1960களில் வட கடலில் எரிவாயு கண்டறியப்பட்டபின் எரிவாயுக் கொதிகலன்கள் வந்தன. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து அடுப்பைப் பழைய கட்டடத்துக்குள் கொண்டுவந்தது. கேர்னியின் அடுப்பையே இன்று ஓர் அரும்பொருளாகப் பேணுகிறார்கள்.

ஆற்றின் மேல் நின்ற மண்டபம்

இனிச் சுவிட்சர்லாந்துக்கு வருவோம். சூரிச் நகரில் லிம்மட் ஆற்றின் மேலேயே கட்டப்பட்டு நிற்கிறது ராட்ஹவுஸ் எனும் நகர மண்டபம். 1694 முதல் 1698 வரை கட்டப்பட்டது. மாநில சபையும் நகர சபையும் நெடுங்காலம் கூடிய இடம். 1930களில் அதன் கணப்பைப் புதுப்பிக்கவேண்டிய நிலை வந்தது. அதுவரை விறகடுப்புகளே அங்கு பயன்பட்டன. சுவிட்சர்லாந்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மிகக் குறைவு. முதலாம் உலகப் போரின்போது இறக்குமதி தடைப்பட்டு மக்கள் குளிரில் வாடியதை எவரும் மறந்திருக்கவில்லை. ஆனால் மலை நாடாதலால் நீர்மின்சாரம் இருந்தது.

சூரிச் நகரின் எஷர் விஸ் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். மண்டபத்தின் காலடியில் ஓடும் ஆற்றிலிருந்தே சூட்டை எடுப்போம் என்றார்கள். குளிர்கால ஆற்றிலிருந்து சூடா என்று வாசகர்கள் வியக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டிக்குள் இருக்கும் பொருட்களின் சூட்டை உறிஞ்சி, பின்புறமாகச் சமையலறைக்குள் தள்ளுகிறது அந்த இயந்திரம். அதே வேலையை ஆற்றுக்கும் மண்டபத்துக்கும் இடையில் செய்தால் அதுதான் வெப்பப் பம்பி. ஆற்று நீரைச் சற்றே குளிரச் செய்து, அதிலிருந்து பெற்ற சூட்டை அழுத்தத்தால் உயர்த்தி மண்டபத்துக்குள் விடுகிறது. மின்சாரம் சூட்டை உண்டாக்குவதற்காகச் செலவாவதில்லை, அதைத் தூக்கிச் செல்வதற்கே செலவாகிறது. எனவே ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று பங்கு சூடு கிடைக்கிறது. இந்தக் கருத்தை கிளாஸ்கோவின் வில்லியம் தொம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட விஞ்ஞானி, 1852இலேயே எழுதி வைத்திருந்தார்.

1938ஆம் ஆண்டில் ராட்ஹவுஸில் அந்த இயந்திரம் இயங்கத் தொடங்கியது. 100 கிலோவாற்று வெப்பத்தை, 60 பாகை செல்சியஸ் சூடான நீராக அது வழங்கியது. கோடையில் அதே இயந்திரத்தைக் கொண்டு மண்டபத்தைக் குளிர்விக்கவும் முடிந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டு கரி வரத்து மீண்டும் குறைந்தபோது, சூரிச்சின் நீச்சற் குளமும் வேறு பல கட்டடங்களும் அதே வழியைப் பின்பற்றின. ராட்ஹவுஸின் பம்பி 63 ஆண்டுகள் உழைத்து 2001இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு மற்றொரு வெப்பப் பம்பியே வந்தது. ஒரு குறையையும் சொல்லவேண்டும். முதல் இயந்திரத்தில் சுற்றிய ஃபிரியோன் வாயு ஓசோன் படலத்துக்குக் கேடு என்று பிற்காலத்தில் தெரியவந்தது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்பாட்டுக்குப் பிறகு அவ்வகை வாயுக்கள் கைவிடப்பட்டன.

சூரிச்சின் செய்தி இங்கிலாந்துக்கும் எட்டியது. நோர்விச் நகரின் மின்பொறியியலாளர் ஜோன் சம்னர், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கிடையே பழைய உதிரிப்பாகங்களைச் சேர்த்து, வென்சம் ஆற்று நீரில் இயங்கும் வெப்பப் பம்பியொன்றை 1945இல் மாநகர சபையின் மின்துறைக் கட்டடத்தில் நிறுவினார். 1951இல் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ரோயல் பெஸ்டிவல் ஹோல் திறக்கப்பட்டபோது, அதையும் தேம்ஸின் நீரே சூடாக்கியது. போர் விமானங்களில் பறந்த மெர்லின் எஞ்சின் அதற்காகத் திருத்தப்பட்டுப் பொருத்தப்பட்டது. ஆனால் அந்த இயந்திரம் மண்டபத்தின் தேவைக்கு மீறிப் பெரிதாக அமைந்ததால் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. விரைவிலேயே கைவிட்டார்கள். மலிவான எண்ணெயும் பின்னர் எரிவாயுவும் வந்தபோது சம்னரின் பாடத்தையும் மறந்தார்கள். பெஸ்டிவல் ஹோல் 1988இல் முதலாம் தரப் பாதுகாப்புக் கட்டடமானது. அதன் கணப்பாக அமைந்த ஆற்றுப் பம்பியோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போய்விட்டது.

கடலும் ரோமர் வடிகாலும்

மறந்த பாடத்தை மீண்டும் கையிலெடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில், மெனாய் நீரிணையின் கரையில் பிளாஸ் நெவித் என்ற மாளிகை இருக்கிறது. நாட்டு மரபுரிமைகளைப் பேணும் நேஷனல் ட்ரஸ்ட் அறக்கட்டளை 1976 முதல் அதைப் பராமரித்து வருகிறது. ஓவியர் ரெக்ஸ் விஸ்லர் 1930களில் தீட்டிய 58 அடி நீள ஓவியம் அதன் உணவுக்கூடத்தில் உள்ளது. அங்கே கணப்பு மனிதருக்காக மட்டும் எரிவதில்லை. ஓவியத்தையும் தளபாடங்களையும் ஈரத்திலிருந்து காக்கவும் அது வேண்டும். கடுங்குளிர் நாட்களில் அந்த ஒரு மாளிகை 1,500 லீற்றர் வரை எண்ணெய் எரித்தது. அறக்கட்டளையின் சொத்துகளில் மிக அதிகம் எண்ணெய் குடித்தது அதுதான்.

2014இல் ஏறத்தாழ 6 இலட்சம் பவுண் செலவில், நீரிணையின் கடல்நீரிலிருந்து சூடு எடுக்கும் 300 கிலோவாற்று வெப்பப் பம்பி அங்கு நிறுவப்பட்டது. கடல்நீர் செங்குத்தான கரையில் சுமார் 30 மீற்றர் உயரம் ஏற்றப்பட்டு, சூட்டைக் கொடுத்துவிட்டுக் கடலுக்கே திரும்புகிறது. வெப்பப் பம்பியைப் பற்றிச் சொல்லப்படும் முதற்குறை, அது கொதிகலனைப்போல் நீரைச் சுடச்சுடத் தராது என்பது. ஆனால் பழைய ஓவியத்துக்கும் தடித்த சுவருக்கும் வேண்டியது மிதமான, இடைவிடாத சூடுதான். குறை என்று சொல்லப்பட்டது இங்கே மருந்தாயிற்று.

பிறிஸ்டலிலிருந்து தொலைவில்லாத பாத் நகருக்கு மருமகன் என்னை அழைத்துச் சென்றார். திருகோணமலையின் கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கும் மேல், 46 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் நிலத்தடியிலிருந்து நீர் பொங்குகிறது. ரோமர் அங்கே குளியல் மண்டபங்கள் கட்டினார்கள். தரையைச் செங்கல் தூண்களின் மேல் உயர்த்தி, அதன் கீழ் அடுப்பின் சூடான காற்றைச் செலுத்திய அவர்களது கணப்பு முறையின் எச்சங்களை இன்றும் காணலாம். ஊற்றின் மிகுதி நீர் ரோமர் கட்டிய பெருவடிகால் வழியாக ஏவன் ஆற்றுக்குச் செல்கிறது. இருபது நூற்றாண்டுகளாக அந்தச் சூடு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

குளியல் மண்டபங்களுக்கு அருகிலேயே பாத் அபி தேவாலயம் நிற்கிறது. இன்றுள்ள கட்டடம் 1499இல் தொடங்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக அதன் தரைக்கடியில் ஆயிரக்கணக்கானோரைப் புதைத்ததால் மண் இறங்கி, தரை உள்ளிருந்தே குடைபட்டு விழும் நிலையில் இருந்தது. கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, பழுதுபார்த்து, கீழேயிருந்த வெற்றிடங்களை நிரப்பவேண்டியிருந்தது. எப்படியும் தரையைத் திறக்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, திறந்த தரையின் கீழ் வெப்பக் குழாய்களையும் பதித்துவிடத் தீர்மானித்தார்கள். ரோமர் வடிகாலில் வெப்பப் பரிமாற்றித் தகடுகள் இறக்கப்பட்டன. ஊற்று நீரின் சூடு அத்தகடுகள் வழியாக வெப்பப் பம்பிக்கும், அங்கிருந்து தேவாலயத் தரைக்கும் செல்கிறது. 2021இல் அது இயங்கத் தொடங்கியது. நான் அங்கே நின்றபோது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. புகைபோக்கி இல்லை, ஓசை இல்லை. வெளியே உறைபனி, உள்ளே காலடியில் மட்டும் ஒரு மெல்லிய இதம்.

எல்லோருக்கும் ஊற்று இல்லை

இவ்வளவையும் எழுதிவிட்டு, எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் இதே வழி என்று முடித்தால் அது பொய்யாகும். பாத் தேவாலயத் திட்டம் முழுவதற்கும் 1 கோடியே 93 இலட்சம் பவுண் செலவானது. அதில் பெரும்பகுதி லொத்தர் நிதியத்தின் கொடை. முப்பது பேர் கூடும் கிராமத் தேவாலயத்துக்கு அவ்வளவு பணத்துக்கு வழியில்லை, வெந்நீர் ஊற்றும் இல்லை. ஏறத்தாழ 16 ஆயிரம் தேவாலயங்களைக் கொண்ட இங்கிலாந்துத் திருச்சபை, 2030க்குள் தன் காபன் வெளியேற்றத்தை நிகரப் பூச்சியமாக்குவதென 2020 பெப்ரவரியில் தன் பேரவையில் தீர்மானித்தது. அச்சிறு தேவாலயங்களுக்குப் பொருத்தமான வழியை ஐரோப்பிய ஆய்வாளர்கள் இத்தாலியின் மலைக் கிராமமொன்றின் தேவாலயத்தில் முன்னரே பரிசோதித்திருந்தார்கள். அவர்களின் முடிவு எளிமையானது. கூரை வரையுள்ள காற்றைச் சூடாக்காதீர்கள், அமர்ந்திருக்கும் மனிதரைச் சூடாக்குங்கள் என்றார்கள். இருக்கைகளின் கீழும் பின்னும் குறைந்த வெப்பத்தில் இயங்கும் மின்தகடுகளைப் பொருத்தினால் மக்களுக்கு இதம், சுவரோவியத்துக்குக் கேடில்லை.

மின்சாரத்தின் விலை இன்னொரு தடை. பிரித்தானியாவில் ஓர் அலகு மின்சாரத்துக்கு எரிவாயுவைவிடப் பலமடங்கு கொடுக்கவேண்டியிருப்பதால், வெப்பப் பம்பி சேமிக்கும் ஆற்றல் எல்லாம் பணமாகக் கைக்குத் திரும்புவதில்லை. ஆனால் அந்த மின்சாரமே மாறிவிட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். 1882இல் ஹோல்போர்னில் தொடங்கிய நிலக்கரி மின்னுற்பத்தி, 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி பிரித்தானியாவின் கடைசிக் கரி மின்நிலையம் மூடப்பட்டதோடு முடிவுக்கு வந்தது. சம்னரின் 1945ஆம் ஆண்டு இயந்திரம் ஆற்றிலிருந்து சூடு எடுத்தாலும், அதற்கான மின்சாரத்தின் பின்னால் கரி எரிந்துகொண்டிருந்தது. இன்று அது இல்லை.

மருமகனின் கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்புச் சட்டம் பழைய கட்டடத்தைத் தொடவே கூடாது என்று சொல்வதில்லை. தொடுமுன் யோசி, கேள், மீளவும் எடுக்கக்கூடியதாகச் செய் என்றே சொல்கிறது. சூரிச்சிலும் பாத் நகரிலும் அந்தக் கட்டுப்பாடுதான் பொறியியலாளர்களைச் சுவரை விட்டுவிட்டுக் காலடியில் ஓடும் நீரைப் பார்க்க வைத்தது. கணப்பற்ற கட்டடத்தை மக்கள் கைவிடுவார்கள். கைவிடப்பட்ட கட்டடத்தை எந்தச் சட்டமும் நெடுநாள் காக்காது. ஆகவே மாற்றம் பழைமைக்குப் பகையல்ல.

அந்த வீட்டில் மருமகன் முதலில் செய்தது மிகச் சிறிய வேலை. சன்னல்களின் உட்புறத்தில், வண்ணப்பூச்சால் ஒட்டிப்போய் பல ஆண்டுகள் திறக்கப்படாமலிருந்த பழைய மரக் கதவுகளைத் தச்சரைக் கொண்டு விடுவித்தார். இரவில் அத்தகைய கதவுகளை மூடினால் கண்ணாடி வழியே வெளியேறும் சூடு பாதியளவு குறையும் என்று, ஸ்கொட்லாந்தின் மரபுரிமைத் துறைக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2008இல் செய்த ஆய்வு காட்டியது. பரணில் ஆட்டுக் கம்பளி விரித்தார். கொதிகலனுக்கு வயதாகிவிட்டது. அது ஓய்வுபெறும் நாளில் பின்முற்றத்தில் வெப்பப் பம்பி வைப்பதற்கான அனுமதி விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருந்தார்.

நான் புறப்படுவதற்கு முந்திய இரவு அந்த மரக் கதவுகளை நானே மூடினேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டைக் கட்டிய தச்சனுக்குக் காபன் என்ற சொல் தெரிந்திருக்காது. ஆனால் சூட்டை வீணாக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது. எங்கள் மூத்த ஆசிரியர் சொன்ன கணப்பு என்ற சொல்லின் பொருள், கம்பளியைக் களைந்துவிட்டு உட்கார்ந்த அந்த இரவில் எனக்கு முழுதாக விளங்கியது.